சோலையப்பன் கார் கிறீச்சிட்ட வழக்கு

"டயர் கிறீச்சிடும்படி அதிவேகமாகத் திருப்பிப் பொதுமக்களுக்கு அச்சம் விளைவித்தது" என்று எழுதி முடித்து, கையெழுத்துக்காக நீட்டினார் கான்ஸ்டபிள் திருப்பதி. வாடகைக் கார் ஓட்டும் சோலையப்பன் அதை இரண்டு தடவை படித்தான். பிறகு இறங்கிப் போய்த் தன் காரின் நாலு டயரையும் குனிந்து பார்த்தான்.

"ஏட்டய்யா, இது என் வண்டியத்தான் சொல்றீங்களா?"

"பின்னே என் வண்டியவா? போடு கையெழுத்த."

"போடுறேனுங்க. சத்தம் எப்படி இருந்துச்சுங்க?"

"அதையெல்லாம் கோர்ட்டுல வந்து கேளு" என்று சொல்லிவிட்டுத் திருப்பதி போய்விட்டார்.

அபராதம் வருமே என்று கவலைப்பட வேண்டியவன், நடுத்தெருவில் நின்று வியந்துகொண்டிருந்தான். வியக்காமல் என்ன செய்வான்? அந்தக் கார் பிறந்த வருஷம் யாருக்கும் தெரியாது. ஒரு செட்டியார் வீட்டுக் கொட்டகையில் கோழிகள் அடைந்து கிடந்த வண்டியை, சமஸ்தானம் போய்ச் சர்க்கார் வந்த புதிதில் வாங்கினான். புதுக்கோட்டைக் கார் ஸ்டாண்டில் அதற்கு எருமை என்று பெயர். திருமயம் ரோட்டு மேட்டில் சவாரி வந்தவர்கள் தாங்களாகவே இறங்கி, பக்கத்தில் நடந்தபடி ஜன்னல் வழியாகச் சோலையப்பனோடு பேசிக்கொண்டே வருவார்கள். அப்பேர்ப்பட்ட வண்டி கிறீச்சிட்டதாம். பேசவே பேசாத மகன் மேடையேறிப் பேசினான் என்று யாரோ வந்து சொன்னால் ஒரு தகப்பனுக்கு எப்படி இருக்கும்? அவனுக்கு அப்படித்தான் இருந்தது. ஆனால் அந்தச் சத்தத்தைத் தான் மட்டும் கேட்கவில்லையே என்பதுதான் குறை.

அந்தக் காரின் ஆயுசே அப்போது இழுபறியில் இருந்தது. வைகாசிக்குள் ஒரு கல்யாணச் சவாரியாவது கிடைக்காவிட்டால் வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவதாக மனைவி பொன்னுத்தாயிடம் வாக்குக் கொடுத்திருந்தான். இரும்புக்கடைக்காரர் ஏற்கெனவே வந்து பானெட்டைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். கல்யாணம் என்றால் முகூர்த்தம் உண்டு. முகூர்த்தத்தை நம்பி எருமையில் ஏற எந்த மாப்பிள்ளைக்குத் துணிச்சல் வரும்?

ஸ்டாண்டில், திருப்பதி கொடுத்துவிட்டுப் போன கேஸ் காகிதத்தைக் காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவன் நாகராசு. ஸ்டாண்டிலேயே பெரிய கார் அவனுடையது. ஊர்க் கல்யாணங்கள் எல்லாம் அவன் கையில்தான். ஆனால் காகிதத்தை வாங்கிப் படித்ததும் அவன் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. வண்டி திரும்பியது எந்தத் தெரு முக்கு, எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டுவிட்டு முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

மற்றவர்களும் படித்துப் பார்த்து அடங்கிப்போனார்கள். வாயால் சொன்னால் சிரிக்கலாம். சர்க்கார் முத்திரை போட்டுச் சொன்னால் என்ன செய்வது?

செய்தி ஊரெல்லாம் பரவியது. ரயிலைப் பிடிக்க வேண்டியவர்கள், பிரசவத்துக்குப் போகிறவர்கள் எல்லாம் சோலையப்பனைத் தேடி வந்தார்கள். ஏறி உட்கார்ந்த பிறகு வண்டி பழையபடிதான் நகர்ந்தது. ஏன் என்று கேட்டவர்களிடம், கேஸ் நடக்கும்போது வேகமாக ஓட்டினால் லைசென்ஸ் போய்விடும், அதனால் கையை அடக்கி ஓட்டுகிறேன் என்று ஒரு போடு போட்டான். அதையும் நம்பினார்கள். மேட்டில் இறங்கி நடந்தவர்கள்கூட, மனுஷன் எவ்வளவு பொறுமையாக அடக்குகிறான் பார் என்று மெச்சிக்கொண்டே நடந்தார்கள்.

தனியாக இருக்கும்போது சோலையப்பன் அதே முக்குக்குப் போய் முயன்று பார்த்தான். முதல் தடவை வண்டி இருமியது. இரண்டாம் தடவை சக்கரத்து மூடி கழன்று, அவனை முந்திக்கொண்டு ஓடியது. மூன்றாம் தடவை, வைக்கோல் வண்டிக்காரர் ஒருவர் மாட்டை நிறுத்தி, தள்ளிவிடட்டுமா தம்பி என்று கேட்டார். அதோடு விட்டுவிட்டான்.

அப்போதுதான் அறந்தாங்கி நெல் வியாபாரி ஆத்மநாதன் வந்தார். மூத்த மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை வந்த கார் வழியில் நின்று, முகூர்த்தம் முடிகிற நேரத்தில் அவர் உயிர் போய் உயிர் வந்ததாம். வைகாசியில் இளையவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளையை அன்னவாசலில் இருந்து அழைத்து வர வேண்டும்.

"டயரு கத்துற அளவுக்கு ஓட்டுறவன்தான் எனக்கு வேணும். அது நீதானா?"

"நாந்தானுங்க."

"எங்க, ஒருக்காக் கத்த விடு. கேக்குறேன்."

சோலையப்பன் கேஸைக் காட்டித் தப்பித்தான். ஆத்மநாதனும் விவரமானவர்தான். அப்படியானால் வாய்தா அன்றைக்குக் கோர்ட்டுக்கே வருகிறேன், குற்றம் உறுதியானால் சவாரி உனக்கு, இல்லாவிட்டால் நாகராசுக்கு என்று சொல்லிவிட்டார்.

ஆகக்கூடி, காரைக் காப்பாற்ற வேண்டுமானால் சோலையப்பன் குற்றவாளியாக வேண்டும். அதில் ஒரு சிரமமும் இல்லை என்றுதான் அவன் நினைத்தான். பொன்னுத்தாயைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டான். அவளுக்குப் போலீஸ் என்றாலே குலைநடுக்கம். புருஷனை உள்ளே தள்ளிவிடுவார்களோ என்று பயந்து, அவனுக்குத் தெரியாமல் வக்கீல் இன்னாசியின் காலில் போய் விழுந்துவிட்டாள்.

கோர்ட் நிரம்பி வழிந்தது. ஸ்டாண்டு முழுக்க வந்திருந்தது. ஆத்மநாதன் முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

"முழுசா ஒப்புக்கிறேனுங்க எசமான். பயங்கரச் சத்தமுங்க."

உடனே இன்னாசி எழுந்தார். தன் கட்சிக்காரர் பயத்தில் உளறுகிறார் என்றார். அந்தக் காரை ஓட்டிப் பார்த்த மெக்கானிக் ராக்கன் வெளியே நிற்கிறார், அது கிறீச்சிடுவது இயற்கைக்கே விரோதம் என்று சாட்சி சொல்லுவார் என்றார். ஆத்மநாதனின் புருவம் மேலே ஏறியது. இந்த வக்கீல் யார் என்றே தனக்குத் தெரியாது, தனக்கு வக்கீலே வேண்டாம் என்று சோலையப்பன் கும்பிட்டான். கடைசி பெஞ்சில் பொன்னுத்தாய் அழ ஆரம்பித்துவிட்டாள்.

இன்னாசி கோபித்துக்கொண்டு உட்கார்ந்தார். தொல்லை விட்டது என்று சோலையப்பன் மூச்சுவிடுவதற்குள் கூட்டத்தின் நடுவில் நாகராசு எழுந்து நின்றான்.

"எசமான், அது என் வண்டிச் சத்தம். இவன் திருட்டுத்தனமா ஒப்புக்கிறான்."

மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். குற்றம் செய்யவில்லை என்று சண்டை போடுகிறவர்களைத்தான் அவர் உத்தியோகத்தில் சேர்ந்த நாளிலிருந்து பார்த்து வருகிறார். இது புதுசு.

"ஒன் சத்தம்னா ஒன் மேல ஏன் கேஸ் இல்ல?" என்று சோலையப்பன் மடக்கினான். சர்க்கார் காகிதத்தில் இருப்பது யார் பேர் என்று எசமானே பார்க்கட்டும் என்றான். ஆத்மநாதன் தலையாட்டினார். நியாயமான கேள்விதான். நாகராசு விடவில்லை. அன்றைக்கு அந்த முக்கில் முதலில் திரும்பியது தன் கார், சோலையப்பன் எவ்வளவோ பின்னால் வந்தான், வேண்டுமானால் தனக்கு இரட்டை அபராதம் போடுங்கள் என்றான். இருவரும் ஒரே சத்தத்துக்கு மாறி மாறி உரிமை கொண்டாடினார்கள். டவாலிச் சேவகர் மூன்று தடவை அமைதி அமைதி என்று கத்த வேண்டியதாயிற்று.

கடைசியில் மாஜிஸ்திரேட், கேஸ் போட்ட ஆளையே கூண்டில் ஏற்றச் சொன்னார். திருப்பதி ஏறி நின்று சத்தியப் பிரமாணம் செய்தார். சோலையப்பன் கையைக் கூப்பியபடி திருப்பதியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வாயில் அவன் காரின் தலையெழுத்து இருந்தது.

"சத்தம் போட்டது எந்தக் கார்?" என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

"பெரிய காருங்க எசமான்."

நாகராசு மீசையைத் தடவிக்கொண்டு ஆத்மநாதன் பக்கம் திரும்பிச் சிரித்தான். சோலையப்பன் கூப்பிய கையைத் தொங்கவிட்டான். இருந்தாலும் சர்க்கார் காகிதம் ஒன்று இருக்கிறதே என்று ஒரு சின்ன நம்பிக்கை அவனுக்குள் ஒட்டிக்கொண்டிருந்தது. ஏதாவது காரணம் இல்லாமலா அத்தனை கார்களை விட்டுவிட்டுத் தன் காரை நிறுத்தினார்கள்?

மாஜிஸ்திரேட்டுக்கும் அதே சந்தேகம்தான். "அப்ப இவன் மேல எதுக்குய்யா கேஸ் போட்ட?"

திருப்பதி தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"இன்ஸ்பெக்டர் அய்யா காதுல அந்தச் சத்தம் விழுந்துருச்சுங்க. ஒரு காரைப் பிடிச்சுக் கேஸ் போடாம ஸ்டேஷன் பக்கம் வராதேன்னுட்டாரு. சைக்கிள்ல மிதிச்சுப் போயி நம்மளால பிடிக்க முடிஞ்சது இந்த ஒரு காருதானுங்க எசமான். அதுவும் நடுவுல செயின் கழண்டு, எறங்கி மாட்டிட்டுப் போயிப் பிடிச்சேனுங்க."