அம்புக்குறி அக்கா செக்கிங் பார்த்த கணக்குப் பரீட்சை

திருப்பூரில் இதுவரை தைத்த பனியன்களை எல்லாம் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டால் நிலாவுக்குப் போய்த் திரும்பி வரலாம். அத்தனை பனியனிலும் தேடிப் பிடித்து ஆளுயரத்துக்குக் குறை சொல்லக்கூடிய பிறவி இந்த உலகத்தில் ஒருவர்தான் உண்டு. அவர் என் கம்பெனியில்தான் வேலை பார்க்கிறார். பெயர் அம்புக்குறி அக்கா. சொந்தப் பெயர் சம்பள நோட்டில் இருக்கிறது. அங்கே தவிர வேறெங்கும் அதை யாரும் உபயோகித்ததில்லை.

என்னைப் பற்றி இரண்டு வரி. பலபேருக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் பனியன் மடிக்கிற வேலைக்கு வந்தவன் நான். இன்று திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் நாற்பது மிஷின் ஓடுகிற கம்பெனி என்னுடையது. என் பனியனைப் போட்டுக்கொண்டுதான் ஜெர்மனியில் பலபேர் தூங்குகிறார்கள். இந்தக் கட்டுரையையும் ஆள் வைத்து எழுதவில்லை, நானேதான் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்துப் பத்திரிகை ஆபீசில் யாராவது மயங்கி விழுந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

அக்கா பரமக்குடிப் பக்கத்துக்காரர். இங்கே வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் பேச்சில் ஒரு எழுத்துகூட நம் ஊருக்கு மாறவில்லை. வேலை, செக்கிங் மேஜையில். தைத்து வருகிற பனியனை உள்பக்கம் வெளிப்பக்கம் புரட்டிப் பார்த்து, ஓட்டையோ அழுக்கோ தையல் விட்டதோ இருந்தால் அந்த இடத்தில் நகம் அளவுக்கு ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். அந்தப் பீசுக்கு 'ஆல்ட்டர்' என்று பெயர். சரிசெய்து வந்த பிறகு ஸ்டிக்கரை உரிப்பார்கள். எல்லாக் கம்பெனியிலும் நடப்பதுதான். ஆனால் மற்றவர்கள் பனியனோடு நிறுத்திக்கொள்வார்கள்.

அக்காவால் நிறுத்த முடியாது. கேன்டீனில் உப்பாத இட்லிக்கு ஒட்டினார். சுவர்க் கடிகாரம் நாலு நிமிஷம் பின்தங்கியபோது அதன் பெரிய முள்ளில் ஒட்டினார். புது மானேஜர் சேர்ந்த முதல் நாளே அவர் பேன்ட்டின் பின்பக்கம் தையல் விட்டிருந்த இடத்தில் ஒட்டிவிட்டார். அந்த மனிதர் சாயங்காலம் வரைக்கும் பின்னால் அம்புக்குறியோடு எல்லாரையும் அதட்டிக்கொண்டு திரிந்தார். ஆர்டர் கொடுக்க வந்த வெள்ளைக்காரர் சட்டைக் காலரில் ஒட்டிய அன்று, கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான் என்று நினைத்தேன். அவர் காலரைத் தடவிப் பார்த்து, விட்ட தையலைக் கண்டுபிடித்து, அக்காவுக்குக் கைகொடுத்துவிட்டுப் போனார்.

இப்போது என் மகள் வயிற்றுப் பேத்தி நிவேதாவுக்கு வருகிறேன். அவள் பத்தாம் வகுப்புப் படித்த வருஷம் அது. மகள் என் கம்பெனியில்தான் ஆர்டர் பார்த்துக்கொள்கிறாள் என்பதால், பள்ளி விட்டதும் பேத்தியும் நேராக இங்கே வந்துவிடுவாள். ஜனவரியில் ஒரு நாள் அம்புக்குறி அக்கா என் கண்ணாடி அறைக்குள் வந்து, மேஜை மேல் ஒரு காகிதக் கட்டை வைத்தார்.

"மொதலாளி, இது நம்ம ஐட்டம் இல்லையே?"

நிவேதாவின் திருப்புதல் தேர்வுக் கணக்கு விடைத்தாள். நூற்றுக்கு இருபத்தெட்டு. முப்பத்தைந்து எடுத்தால்தான் பாஸ்.

"இதை எங்கிருந்து அம்மிணி எடுத்தீங்க?"

"ஜெர்மனிக்குப் போற பெட்டியில. மீடியம் சைசுக்கு நடுவுல செருகி வச்சிருந்துச்சு. மடிப்பு மட்டும் நல்லா இருந்துச்சுங்க, அத ஒத்துக்கிறணும்."

அக்கா கண்ணில் படாமல் இருந்திருந்தால் அந்த மார்க் கப்பலேறி, ஏதோ ஒரு ஊர்க் கடையில் ஜெர்மன்காரன் கையில் பிரிந்திருக்கும். நான் கத்த ஆரம்பித்தேன். "என்ற பேத்தியா! இருபத்தெட்டா!" கதவுக்குப் பின்னால் நின்ற நிவேதா சுவரோடு ஒட்டிப்போனாள். அக்கா என் கத்தலைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. விடைத்தாளை விரித்தார். அதில் ஏற்கெனவே பதினோரு அம்புக்குறி ஒட்டியிருந்தது.

"மார்க்கு கெடக்கட்டும், ஓட்டையப் பாருங்க. டீச்சர் சுழிச்ச எடமெல்லாம் இந்த வளைவுக் கோட்டுக்குப் பக்கத்துலயே விழுந்திருக்கு. துணியில மேலருந்து கீழ வரைக்கும் ஒரே நேரா ஓட்டை விழுந்தா என்ன அர்த்தம்?"

இந்தக் கேள்விக்கு நான் தூக்கத்தில்கூடப் பதில் சொல்வேன். "நிட்டிங் மிஷின்ல ஒரு ஊசி உடைஞ்சிருக்குன்னு அர்த்தம்."

"ஒரு ஊசிக்காகத் துணி பூராத்தையும் குப்பையில போடுவீகளா, ஊசிய மாத்துவீகளா?"

நிவேதா மெல்ல வந்து எட்டிப் பார்த்தாள். அடைப்புக்குறிக்கு முன்னால் கழித்தல் நின்றால், அதைப் பிரிக்கும்போது உள்ளே இருக்கிற எல்லாருக்கும் குறி மாற வேண்டுமாம். இவள் முதல் ஆளுக்கு மட்டும் மாற்றிவிட்டு, பின்னால் நிற்பவர்களை அப்படியே விட்டுவிடுகிறாள். ஒவ்வொரு கணக்கும் அங்கேதான் கிழிந்திருந்தது. ஏழாம் வகுப்பு தாண்டாத ஒரு பொம்பளை, கணக்கைப் படிக்காமலே கணக்கில் உடைந்த ஊசியைக் கண்டுபிடித்துவிட்டார். இத்தனைக்கும் டியூஷன் வாத்தியார் வாரம் மூன்று நாள் வந்துகொண்டிருந்தார்.

மறுநாளிலிருந்து சாயங்காலம் ஐந்து மணி டீ நேரத்தில் செக்கிங் மேஜையின் ஒரு மூலை பள்ளிக்கூடம் ஆனது. விஷயம் கேள்விப்பட்டு டெய்லர்களின் பிள்ளைகள் நாலு பேரும் புத்தகத்தோடு வந்து சேர்ந்தார்கள். அக்கா பாடம் நடத்தவில்லை. பிள்ளைகள்தான் அக்காவுக்கு நடத்த வேண்டும்.

"எனக்குக் கணக்குத் தெரியாது தாயி. ஆனா நீ தடுமாறுனா எனக்குத் தெரியும். சொல்லு."

குரல் எந்த இடத்தில் இழுக்கிறதோ அந்த வரியில் ஒரு அம்புக்குறி. மூன்று வெவ்வேறு நாளில் அதே கணக்கைத் தடுமாறாமல் போட்டுக் காட்டினால்தான் உரிப்பார். ஒரே நாளில் மூன்று தடவை போட்டால் செல்லாது. "இன்னைக்கு நின்ன தையலு நாளைக்குத் தண்ணியில போட்டா நிக்கணும்ல?" என்பார். முதல் வாரத்தில் நிவேதாவின் நோட்டு அம்மை போட்ட பிள்ளை மாதிரி இருந்தது.

ஒரு நாள் அவள் கொஞ்சலாகக் கேட்டாள். "அக்கா, இன்னிக்கு முதல் பாடமே படிச்சுக்கறனுங்க. அது எனக்கு சூப்பரா வருமுங்க."

"வரும்ல? அப்புறம் எதுக்கு? நல்ல பீசையே பத்துத் தடவ மடிச்சுக்கிட்டிருந்தா, அங்க ஆல்ட்டரு குமிஞ்சு கெடக்கே, அத ஒங்க அப்புச்சி வந்து தைப்பாரா?"

"தைப்பேன்!" என்று அறையிலிருந்தே குரல் கொடுத்தேன். அந்தக் காலத்தில் ஓவர்லாக் தையல் மிஷினில் என் வேகத்துக்கு இந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது.

"நீங்க ஒங்க வேலையப் பாருங்க மொதலாளி" என்றார் அக்கா.

பிப்ரவரியில் இரண்டாவது திருப்புதல் தேர்வு. இருபத்தெட்டு, நாற்பத்தொன்று ஆனது. அங்கேதான் நான் புகுந்து கெடுத்தேன்.

எனக்கு நாற்பத்தொன்று என்றால் நூறுக்குப் பக்கம்தான். ஊத்துக்குளியில் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில், பந்தியில் உட்கார்ந்திருந்த அத்தனை பேர் முன்னால், "என்ற பேத்தி இந்த வருசம் ஸ்கூல் ஃபர்ஸ்ட்டுங்க. ரிசல்ட்டு அன்னிக்கு எல்லாத்துக்கும் விருந்து" என்று அறிவித்துவிட்டேன். நிவேதா எனக்கு நேர் எதிரில் இலை போட்டு உட்கார்ந்திருந்தாள். அதோடு விட்டேனா? தினமும் ஐந்து மணிக்குச் செக்கிங் மேஜைக்குப் போய் நின்று, ஐந்தாம் வகுப்புப் படித்தவன் நாற்பது மிஷின் போட்ட வரலாற்றை ஆரம்பத்திலிருந்து சொல்வேன். பிள்ளைகளுக்கு உற்சாகம் வரட்டும் என்றுதான் சொன்னேன்.

பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது நிவேதா மேஜைக்கு வருவதை நிறுத்தினாள். சாப்பாடு இறங்கவில்லை. பரீட்சைக்கே போகப் போவதில்லை என்று அவளுடைய அம்மாவிடம் சொல்லிவிட்டாள். அம்மா அழுதாள், அப்பா மிரட்டினார், ஒன்றும் நடக்கவில்லை. அன்று மதியம் அக்கா என் அறைக்கு வந்து, என் வெள்ளைச் சட்டையின் மார்பில் ஒரு அம்புக்குறி ஒட்டினார்.

"என்னம்மிணி இது?"

"ஆல்ட்டருங்க."

"எங்க? இன்னிக்குத்தானே தேச்சுப் போட்டேன்?"

"சட்டையில இல்ல. கொஞ்சம் மேல, வாயில. அங்க ஒட்டுனா மரியாதையா இருக்காதுன்னு இங்க ஒட்டுனேன்."

நான் எழுந்துவிட்டேன். அக்கா நகரவில்லை. "அந்தப் புள்ள கணக்குக்குப் பயப்படலைங்க. அது அறுவது எடுத்தாலும் நீங்க ஊருக்குச் சொன்னதுக்கு முன்னாடி ஃபெயிலுதான். அதுக்குத்தான் பயப்படுது. நீங்க செயிச்ச கதைய தெனமும் சொல்றீக. அந்தக் கதையில எல்லாத்துலயும் நீங்களே செயிச்சிட்டா, அந்தப் புள்ள எங்க போயி நிக்கும்?"

கோபத்தில் காரை எடுத்துக்கொண்டு வேலம்பாளையத்தில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போய்விட்டேன். மேடையில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன். அங்கே எல்லாரும் மாப்பிள்ளையை விட்டுவிட்டு என் மார்பையே பார்த்தார்கள். நகை ஏதும் போடவில்லையே என்று குனிந்து பார்த்தால், அம்புக்குறி வாயைப் பார்த்துக்கொண்டு நிமிர்ந்து நிற்கிறது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அக்கா சொன்னதே ஓடியது.

மறுநாள் நிவேதாவைக் கூப்பிட்டு உட்கார வைத்து, இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னேன். குடும்பக் கஷ்டத்தால் படிப்பை விட்டேன் என்றுதான் எல்லா மேடையிலும் சொல்லி வருகிறேன். கஷ்டம் இருந்தது வாஸ்தவம்தான். ஆனால் நான் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்த நாள், பதினாறாம் வாய்ப்பாடு ஒப்பிக்க வேண்டிய நாள்.

"பயந்துட்டுத்தான் ஓடியாந்தேன் கண்ணு. நீ பயந்தாலும் எந்திரிச்சுப் போயி எழுதிட்டு வா, போதும். மார்க்க நான் கேக்கல."

அவள் நிமிர்ந்து கேட்டாள். "இப்பப் பதினாறாம் வாய்ப்பாடு தெரியுமுங்களா அப்புச்சி?"

"இப்பவும் தெரியாது."

பல நாளாகச் சிரிக்காத பிள்ளை சிரித்தது. அன்று ஐந்து மணிக்கு மேஜைக்குப் போனாள். பரீட்சை முடியும் வரை அந்தப் பக்கமே நான் போகவில்லை, வாயும் திறக்கவில்லை. நாற்பது மிஷின் போடுவது அதைவிடச் சுலபம்.

கணக்குப் பரீட்சை அன்று அக்கா லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்கூட வாசலுக்கு வந்துவிட்டார். ஐந்து பிள்ளைகளையும் வரிசையாக நிறுத்தி, ஹால் டிக்கெட்டை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். பேனாவைக் கையில் கிறுக்கிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற யாரோ ஒரு பையனின் ஜாமெட்ரி பாக்ஸையும் வாங்கித் திறந்து பார்த்துவிட்டு, "இதுல காம்பஸுக்குப் பென்சில் எங்கடா?" என்று அவனை ஓட விட்டார். அப்போதுதான் நிவேதாவின் முகம் வெளுத்தது.

"அக்கா... எல்லாமே மறந்து போச்சுங்க்கா. ஒண்ணுமே ஞாபகத்துல இல்லீங்க்கா."

நான் வாயைத் திறக்கப் போனேன். அக்கா திரும்பி ஒரு பார்வை பார்த்தார். மூடிக்கொண்டேன்.

"மறக்கல தாயி. பேக் பண்ணியாச்சு" என்றார் அக்கா, அவள் தோளில் கை வைத்து. "பெட்டியில போட்டு டேப்பு ஒட்டியாச்சுன்னா உள்ள இருக்கிறது வெளிய நிக்கிற ஆளுக்குத் தெரியாது. உள்ள போயி பெட்டியப் பிரி. நம்ம வச்சது வச்ச எடத்துல இருக்கும்."

நிவேதா இரண்டு தடவை மூச்சு விட்டாள். மணி அடித்தது. திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். அக்கா மூன்று மணி நேரமும் கேட்டுக்கு எதிரில் வேப்ப மரத்தடியில் நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

மே மாதம் ரிசல்ட் வந்தது. காலையில் செல்போனைத் தூக்கிக்கொண்டு நிவேதா கம்பெனிக்குள் ஓடி வருவது கண்ணாடி வழியே தெரிந்தது. நான் எழுந்து, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கதவருகே தயாராக நின்றேன். அவள் என் அறையைத் தாண்டி ஓடினாள்.

"அறுபத்தி மூணுங்க்கா! கணக்குல அறுபத்தி மூணு!"

மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அக்கா கையிலிருந்த பனியனைக் கீழே போட்டுவிட்டு, அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மேஜையைச் சுற்றி டெய்லர்களும் அவர்கள் பிள்ளைகளும் கூடிவிட்டார்கள். விரித்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், நான் கொஞ்ச நேரம் ஜன்னல் திரையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அப்புறம் நானும் போய் அந்தக் கூட்டத்தின் கடைசியில் நின்று எட்டிப் பார்த்தேன்.

என் சொந்தப் பேத்தியின் மார்க்கை நான் இரண்டாவது ஆளாகத்தான் கேட்டேன். எனக்கு முன்னால் கேட்டவர் அம்புக்குறி அக்கா என்பதை இன்றைக்கும் எல்லாரிடமும் நானே போய்ச் சொல்கிறேன்.