மூட்ட ஒழிப்புக் குழு

மழையை நிறுத்த இதுவரை எந்த அரசாங்கத்தாலும் முடிந்ததில்லை. ஆனால் மழையில் ஹெல்மெட்டின் கண்ணாடி ஏன் மங்குகிறது என்ற மாபெரும் கேள்விக்கு ஒரே பிற்பகலில், நடுவில் காபிக்கும் நேரம் ஒதுக்கி, விடை கண்ட பெருமை ஒரு நிறுவனத்துக்கு உண்டு. கிளினிக்குகளிலிருந்து ரத்த மாதிரிகளை எடுத்து, பைக்கில் பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டுசேர்க்கும் நிறுவனம் அது. விடை பிறந்த அந்த அறையில் பைக் ஓட்டத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவரைச் சோடாபுட்டி என்று கூப்பிடுவார்கள். அத்தனை தடிமனான மூக்குக்கண்ணாடி போட்டவருக்கு வேறென்ன பெயர் வைப்பது?

மழை நாளில் சோடாபுட்டிக்கு இரட்டை மூட்டம். மூக்குக்கண்ணாடியில் ஒன்று, ஹெல்மெட் கண்ணாடியில் ஒன்று. அதற்கு அவர் மனைவி ஒரு வைத்தியம் வைத்திருந்தார். பாத்திரம் தேய்க்கும் சோப்புத் திரவம் ஒரே சொட்டு. இரண்டு கண்ணாடியிலும் உட்புறம் தடவி, பழைய பனியன் துணியால் பளபளக்கும்வரை தேய்ப்பார். வண்டி கிளம்பியதும் சோடாபுட்டி ஹெல்மெட் கண்ணாடியை ஒரு விரல் அளவு தூக்கிவிடுவார். காற்று உள்ளே போகும், மூட்டம் வெளியே வரும். இந்த அநாகரிகமான முறையைக் கையாண்டு, பதினொரு வருடமாக அவர் எங்கும் விழாமல் காலத்தை ஓட்டிவந்தார்.

பிறகு நாகரிகம் வந்தது. நிறுவனம் எல்லோருக்கும் புது ஹெல்மெட் கொடுத்தது. ஓடும் வண்டியில் கண்ணாடியை மயிரிழை திறந்தாலும் அலுவலக மூன்றாம் மாடித் திரையில் ஒரு சிவப்புப் புள்ளி விழும். 'பணியாளர் நலன்' கருதித்தான். மூன்று புள்ளி சேர்ந்தால் பணியாளருக்குப் பணி இருக்காது, நலன் மட்டும் இருக்கும். கண்ணாடியின் நெற்றியில் நிறுவனத்தின் சின்னம் ஒட்டியிருந்ததால், அதைக் கெடுக்கக்கூடிய சோப்பு 'அங்கீகரிக்கப்படாத வேதிப்பொருள்' ஆயிற்று. சின்னம் வெளியே, சோப்பு உள்ளே என்று யாரோ சொன்னார்கள். சொன்னவரின் தொனி சரியில்லை என்று பதிவு செய்யப்பட்டது.

மழைக்காலத்தின் முதல் வாரத்திலேயே சோடாபுட்டிக்கு இரண்டு புள்ளிகள் விழுந்தன.

ஓட்டுநர்கள் எல்லோரும் புலம்பவே, 'மூட்ட ஒழிப்புக் குழு' அமைக்கப்பட்டது. தலைவர், நிறுவனத்தின் பொது மேலாளர். செயலாளர், பாதுகாப்பு அதிகாரி. 'கள அனுபவம்' என்ற வகையில் சோடாபுட்டியையும் அவருடைய ஹெல்மெட்டையும் வரச்சொன்னார்கள். நாற்காலி ஒன்று குறைந்ததால், ஹெல்மெட்டுக்கு மேசையில் இடம் கிடைத்தது, சோடாபுட்டி நின்றுகொண்டார்.

"நானே போட்டுப் பாக்குறேன்," என்றார் மேலாளர். அறையே சிலிர்த்தது. தலைமை என்றால் அதுவல்லவா!

பாதுகாப்பு அதிகாரி செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் குப்பியை எடுத்தார்.

"அதெல்லாம் எதுக்குங்க? சட்டை நனையும். மழைன்னு நான் நினைச்சுக்கிறேன்."

ஹெல்மெட்டை மாட்டிக் கண்ணாடியை இறக்கினார். இருபது நொடி. முப்பது நொடி. கண்ணாடியில் ஒரு துளி மூட்டம் இல்லை. உள்ளே மேலாளரின் முகம் துல்லியமாகத் தெரிந்தது. அது சிவந்துகொண்டே வந்ததும் தெரிந்தது. சடாரென்று கழற்றி மேசைமேல் போட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடினார்.

"என்ன நாத்தம்யா இது! மூச்சே விடலை நான்!"

சோடாபுட்டி தலைகுனிந்தார். ஏழு மாத வியர்வை.

ஆனால் பாதுகாப்பு அதிகாரியின் பேனா காற்றில் நின்றது. "சார்... மூச்சு விடலையா?"

"எப்படிய்யா விடுவேன்?"

"மூச்சு விடலை, மூட்டமும் வரலை. அப்ப மூட்டம் மழையால வரலை சார். மூச்சாலதான் வருது!"

"அடடே!" என்றார் மேலாளர். "பழியெல்லாம் ஹெல்மெட் மேலயும் மழை மேலயும் போட்டுட்டு இருந்திருக்கானுங்க!"

எல்லோரும் சோடாபுட்டியைப் பார்த்தார்கள். இத்தனை வருடமாக, யாருக்கும் தெரியாமல், அலுவலக நேரத்தில் மூச்சு விட்டு வந்தவரை.

"சார், மூச்சு விடாம எப்படி ஓட்டறது?" என்று அவர் கேட்டார்.

"நான் விடாம இருந்தேன்ல?"

"நீங்க உக்காந்திருந்தீங்க சார்."

"நீங்களும் உக்காந்துதானே ஓட்டறீங்க?"

இந்தத் தர்க்கத்தோடு கூட்டம் முடிந்தது. மறுநாளே சுற்றறிக்கை வந்தது: 'மழை நேரத்தில் ஓட்டுநர்கள் மூச்சை இயன்றவரை குறைத்துக்கொள்ளவும். சிக்னலில் நிற்கும்போது தேவையான அளவு விட்டுக்கொள்ளலாம். மஞ்சள் விளக்கு எரிந்ததும் நிறுத்திவிட வேண்டும்.' எங்கள் வழிச் சிக்னல்களில் மஞ்சளே கிடையாது என்ற ஓட்டுநருக்கு, அப்படியானால் சொந்தப் பொறுப்பில் விடலாம் என்று பெருந்தன்மையான விளக்கம் கிடைத்தது.

வீட்டில் அவர் மனைவி சுற்றறிக்கையை இரண்டு முறை படித்தார்.

"ஏங்க, இத எழுதினவன் பொண்டாட்டி புள்ளையோட நல்லா இருக்கானா?"

"இருக்கான். கார்ல வர்றான்."

"நீங்க கண்ணாடியத் தூக்கிட்டே ஓட்டுங்க. வேலை போனா போகுது."

"போனா? அம்பது வயசுல, இந்தக் கண்ணை வச்சுக்கிட்டு, எவன் எனக்கு வேலை குடுப்பான்?"

மனைவி சோப்புக் குப்பியை எடுத்தார். சோடாபுட்டி அவர் கையைப் பிடித்துத் தடுத்தார். தினமும் வாசலிலேயே சோதனை; ஹெல்மெட்டை முகர்ந்து பார்க்கிறார்கள். நாற்றத்தை மன்னிப்பவர்கள் எலுமிச்சை வாசனையை மன்னிப்பதில்லை.

வியாழக்கிழமை மாலை மழை கொட்டித் தீர்த்தது. பெட்டியில் நாற்பது ரத்த மாதிரிக் குழாய்கள். பாலத்து இறக்கத்தில் சோடாபுட்டிக்கு முன்னால் உலகம் பால் ஊற்றியதுபோல் வெளுத்தது. மூச்சை அடக்கினார். காது அடைத்தது, அடக்கிவைத்ததெல்லாம் ஒரே மூச்சாக வெளியே வந்து, மிச்சமிருந்த சாலையையும் மறைத்தது. கட்டைவிரல் கண்ணாடியின் விளிம்புவரை போனது. தூக்கினால் மூன்றாவது புள்ளி. விரல் அங்கேயே நின்றது. வண்டி நிற்கவில்லை.

நடுத்தடுப்பில் மோதியதில் காலர் எலும்பும் இரண்டு விலா எலும்புகளும் முறிந்தன.

மறுநாள் மேலாளரின் பாராட்டுக் கடிதத்தோடு பாதுகாப்பு அதிகாரி ஆஸ்பத்திரிக்கு வந்தார். விபத்தின் கடைசி நொடிவரை கண்ணாடியைத் திறக்காத கட்டுப்பாட்டை நிறுவனம் மெச்சுகிறது என்று உரக்கப் படித்தார். பக்கத்துக் கட்டில்காரர்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"ஒரு படிவம் மட்டும் பாக்கி," என்றார் அதிகாரி. "விபத்து நேரத்துல மூச்சு விட்டுட்டு இருந்தீங்களா?"

சோடாபுட்டி கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார். விலா வலியில் இப்போதும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட்டுக்கொண்டிருந்தார். மனைவிதான் கேட்டார்.

"விட்டுட்டு இருந்தா?"

"தப்பு அவர் மேலம்மா. வேலையில தொடர முடியாது."

"விடாம இருந்தா?"

"அப்ப தப்பே கிடையாது. நல்ல பேரோட பதிவாகும்."

"இதுவரைக்கும் யாருக்காவது அப்படிப் பதிவாகியிருக்கா?"

"ரெண்டு பேருக்கு ஆகியிருக்கும்மா," என்றார் அதிகாரி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. "ரெண்டு பேருமே தங்கமானவங்க. இன்னிக்கு வரைக்கும் ஒரு புகார் சொன்னதில்ல."