கிழவனுக்கு ஒரு கதை காணும்

கணக்கில் சரியாக வருவது களத்திலும் சரியாக வரும் என்று நெடுநாள் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையால் எனக்கு வாய்க்க இருந்த பெண்டாட்டி வாய்க்காமலே போகப் பார்த்தாள்.

அப்போது நானும் கரவெட்டியில் இருந்த என் சிநேகிதன் சுதனும் இணையத்தில் ஒரு விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தோம். மந்திரம், பூதம், பாழடைந்த கோட்டை எல்லாம் உள்ள விளையாட்டு. (வயதைக் கேட்க வேண்டாம். கலியாணம் பேசுகிற வயது.) எங்களுக்குள் ஓயாத வழக்கு ஒன்றுதான்: வேகமான ஆயுதமா, பலமான ஆயுதமா? சுதன் இரட்டைக் கத்திக்காரன். நான் கதைக்காரன். கோயில் வாசலில் துவாரபாலகர் ஊன்றிக்கொண்டு நிற்பாரே, உருண்டைத் தலை ஆயுதம், அந்தக் கதை. பேச்சு என்ற பொருளில் நாங்கள் சொல்லும் கதைக்கும் அதற்கும் எழுத்தில் வித்தியாசம் இல்லை. எங்கள் வாயிலும் இல்லை. இதையும், 'காணும்' என்றால் எங்கள் பேச்சில் 'போதும்' என்பதையும் இப்போதே சொல்லிவைக்கிறேன், பிறகு தேவைப்படும்.

சுதனின் கத்தி ஒரு குத்துக்குப் பத்துக் காயம். என் கதை ஓர் அடிக்கு நாற்பது. ஆனால் நான் ஒருமுறை ஓங்கி இறக்குவதற்குள் அவன் நாலு குத்துக் குத்திவிடுவான். "ரெண்டும் ஒண்டுதானேடாப்பா" என்பான். அங்கேதான் நான் கவசத்தை இழுத்து வருவேன். எதிரியின் கவசம் ஒவ்வோர் அடியிலும் ஐந்தைத் தின்றுவிடும். அவனுக்கு நாலு குத்தும் சேர்ந்து இருபதுதான் தேறும், எனக்கு முப்பத்தைந்து. தோல் தடித்தவனுக்குக் கதைதான் மருந்து என்பது என் சித்தாந்தம்.

அது விளையாட்டோடு நின்றிருக்கலாம். வாழ்க்கையிலும் நான் அப்படித்தான். போகிறபோக்கில் நாலு வார்த்தை பேச எனக்கு வராது. நாள்கணக்கில் யோசித்து ஒரே ஒரு பெரிய பேச்சைத் தயாரித்து, அதைத் தூக்கிக்கொண்டு போவேன்.

ஜெனிற்றாவின் அப்பாவுக்கும் அப்படி ஒரு பேச்சு வைத்திருந்தேன். ஜெனிற்றா என் அலுவலகத்தில் வேலை செய்தாள். தெல்லிப்பழைக்காரி. அவர்கள் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர்; நாங்கள் புத்தூர்ச் சைவக்காரர். இரண்டு வீட்டையும் வழிக்குக் கொண்டுவர நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. கடைசியில் அவள் அப்பா, ஓய்வுபெற்ற தபாலதிபர், "பெடியனோடை ஒருக்கால் கதைச்சுப் பாப்பம்" என்று இறங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எங்கள் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. 'எனக்குச் சீதனமாக ஒரு சாமானும் வேண்டாம்' என்ற பொருளில் கால் மணி நேரம் பேசுவதற்குப் பாடமாக்கியிருந்தேன்.

தபாலதிபர்கள் சொன்ன நேரத்துக்கு முன்னரே வந்துவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியாது. பதற்றம் தணியட்டும் என்று சாப்பிட்ட கையோடு சுதனுடன் விளையாட உட்கார்ந்தேன். காதில் ஹெட்செட். அன்று கடைசிக் கட்டம்: மலைக்குகைக்குள் பொற்குவியலின்மேல் குந்தியிருக்கும் கொம்பு வைத்த அரசன். அவனுக்கு நாங்கள் வைத்த பெயர் கிழவன். தபாலதிபர் வந்ததோ, என் அப்பா அவரை விறாந்தையில் இருத்தியதோ, அம்மா வடை கொண்டுவந்து வைத்ததோ எனக்குக் கேட்கவில்லை. நடுவில் ஒரு திரைச்சீலைதான். நான் சொன்னதெல்லாம் அவர்களுக்குக் கேட்டது. (காதை மூடியவன் கத்தித்தான் பேசுவான்.)

"கிழவனை எனக்கு விடு மச்சான். நீ சின்னச் சின்னதாய்க் குத்திறது ஒண்டும் உவருக்கு ஏறாது. தோல் தடிப்பு."

"ஒரு கதை காணும். வடிவா ஒரு கதை விட்டனெண்டால் கிழவன் விழுந்திடும்."

"விழுந்தாப் பிறகென்ன? நகை, காசு, சாமான் முழுக்க எங்களுக்குத்தான். பாதி உனக்கு!"

அப்பா திரைச்சீலையை விலக்கினார். சாரமும் பெனியனும் ஹெட்செட்டுமாக நான் திரும்பினேன். தபாலதிபர் கடித்த வடையின் மிச்சத்தைத் தட்டில் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். அம்மா சுட்ட வடையை அப்படி ஒருவரும் வைத்ததில்லை.

என்ன செய்வது? தயாராக இருந்த பேச்சையே ஓங்கினேன். "அங்கிள், சீதனம் என்பது நம் சமுதாயத்தில்..."

அவர் ஓங்க விடவில்லை. "ஆர் தம்பி கிழவன்?"

"மலைக்குள்ளை இருக்கிறவர், அங்கிள்."

"எந்த மலை? கீரிமலையோ?"

"இல்லை அங்கிள், தலையிலை கொம்பு இருக்கும்."

"என்ன கதை விடப்போறீர் அவருக்கு?"

"இரும்புக் கதை."

அவர் என்னை விட்டுவிட்டு அப்பாவைப் பார்த்தார். "பெடியனுக்குச் சுகமில்லையெண்டு முதலே சொல்லியிருக்கலாம்." எழுந்து போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் ஜெனிற்றாவின் அழைப்பு வந்தது. "அப்பாவை விழுத்த உங்களுக்கு ஒரு கதை காணுமாமே?" என்று தொடங்கியவள் அழுதுவிட்டாள். எனக்கு அதுவரை வெட்கம்தான் இருந்தது. அப்போதுதான் பயம் வந்தது, இவளை இழந்துவிடுவேன் என்ற பயம். விளக்கமாக ஒரு பேச்சை ஆரம்பித்தேன். "ஒண்டும் கதைக்க வேண்டாம். அந்த விளையாட்டைக் கொண்டுவந்து அப்பாவுக்குக் காட்டுங்கோ" என்றாள்.

மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் தெல்லிப்பழை போனேன். தபாலதிபர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். குகை வந்தது, கொம்பு வந்தது. "இவர்தான் அங்கிள் கிழவன்." கதையை ஓங்கினேன். ஓங்கிய கை இறங்குவதற்குள் கிழவன் என்னை முடித்துவிட்டான். மறுபடி ஓங்கினேன். மறுபடியும் செத்தேன்.

எனக்கே விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது: அன்று சுதன் என்னோடு இல்லை. நான் கதையைத் தூக்கும் நேரமெல்லாம் கிழவனைத் தன் பக்கம் திருப்பி வைத்திருந்தவை அவனுடைய சின்னக் குத்துகள்தான். என் கணக்கில் அது ஒருநாளும் வந்ததில்லை. கதவோரம் ஜெனிற்றா நின்றாள். தேத்தண்ணி கொடுக்கும்போது ஒரு சொல், சேர்ச்சுக்குப் போகும் வழியில் ஒரு சொல் என்று மாதக்கணக்காக அவள் அப்பாவோடு பேசிப் பேசித்தான் அவர் எங்கள் வீட்டுப் படியேறியிருந்தார். அதையும் நான் என் பேச்சின் பலம் பற்றிய கனவில் கணக்கெடுக்கவில்லை. எனக்கு உண்மையாகவே வெட்கமாக இருந்தது.

மூன்றாவது முறை நான் செத்தபோது பக்கத்தில் ஒரு குலுங்கல். தபாலதிபர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அப்ப கிழவன்தான் வெண்டவர்?"

"ஓம், அங்கிள்."

"அப்பச் சரி. பிள்ளை, தம்பிக்குத் தேத்தண்ணி கொண்டு வா."

கலியாணத்தன்று அவர் எனக்குத் தந்தது பட்டுத்துணி சுற்றிய ஓர் உலக்கை. "நீர் கேட்ட சாமான்" என்றார். இன்றும் எங்கள் குசினி மூலையில் நிற்கிறது. நான் வீட்டில் எதையாவது நீட்டிப் பேசத் தொடங்கினால் ஜெனிற்றா பிள்ளைகளிடம், "தள்ளி நில்லுங்கோ, அப்பா கதையைத் தூக்கிறார்" என்பாள். அவள் இரட்டைக் கத்திக்காரி. கவசம் போட்டும் பயனில்லை.

மாமாவுக்கு இப்போது நடை தளர்ந்துவிட்டது. இரண்டு தரம் முற்றத்தில் தடுமாறியும் இருக்கிறார். ஆனால் காலையில் தொலைபேசி எடுத்தால் அதே தொடக்கம்தான்:

"கிழவன் கதைக்கிறன். இன்னும் விழேல்லை."

"விழாதேங்கோ மாமா" என்பேன். அவரிடம் அதைவிட நீளமாக எனக்கு ஒன்றும் பேச வருவதில்லை.