உரக்கச் சொல்லித் தட்டிய பாஸ்வேர்டு

சீட்டாட்டத்தை வீட்டைவிட்டே துரத்துவது என்று முடிவு செய்தேன். ஆடுகிறவள் என் மனைவி பார்வதம்மா. அவளைத் துரத்தும் தைரியம் எனக்கு இல்லை. அதனால் ஆட்டத்தை.

பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் இந்து தன் பழைய லேப்டாப்பைக் கொடுத்துவிட்டுப் போனாள். அதில் ஒரு சீட்டு விளையாட்டு இருந்தது. பார்வதம்மா அதில் விழுந்தாள். என் நாலு மணி டீயும் கூடவே விழுந்தது.

டீதானே என்று நினைக்காதீர்கள். தங்கச் சுரங்கம் ஓடிய நாளில், ஷிப்ட் முடிந்து சங்கு ஊதினால் ஊரிகம் லைன் வீடுகள் எல்லாவற்றிலும் அடுப்பில் டீத்தண்ணீர் ஏறும். வீட்டுக்கு நடக்கும்போதே அந்த வாசனை எதிரே வந்து கூட்டிப்போகும். சுரங்கத்தை மூடினார்கள். சங்கு நின்றது. அவள் டீ நிற்கவில்லை. சங்கு ஊதாமலே நாலு மணிக்கு இரண்டு தம்ளர் வாசற்படிக்கு வரும். யார் வீட்டில் கல்யாணம், யாருக்கு மூட்டுவலி என்று இருட்டும்வரை பேசுவோம். இந்த ஊரில் எனக்கு மிச்சமிருந்த ஒரே ஷிப்ட் அது. இப்போது அதற்கும் பூட்டு.

"பார்வதி, டீ?"

"இதோ. இந்த ராஜா மட்டும் எடம் மாறட்டும்."

"நாட்டுல ராஜாவெல்லாம் போயி எவ்ளோ காலமாச்சு. டீ ஆறிடப் போவுது."

"ஆறிடக்கூடாதுன்னுதான் இன்னும் போடவே இல்ல."

மகளுக்குப் போன் செய்தேன். கறுப்புத் திரையைத் திறந்து, எழுத்தால் கட்டளை கொடுத்தால் எந்த மென்பொருளையும் போடலாம், எடுக்கலாம் என்று சொல்லிக்கொடுத்தாள். படம் கிடையாது, பொத்தான் கிடையாது. எனக்கு உடனே பிடித்துவிட்டது.

நான் சுரங்கத்தில் ஆள் இறங்கும் நந்திதுர்க் ஷாஃப்ட் வாயில் மணி அடித்தவன். நான் அடித்ததை எஞ்சின் அறையிலிருந்து, கூண்டை ஏற்றி இறக்கும் வைண்டிங் டிரைவர் அப்படியே திருப்பி அடிப்பார். பிறகுதான் ஆட்கள் நிற்கும் அந்தக் கூண்டு, கேஜ், இறங்கும். அந்த டிரைவர் முனிரத்தினம்தான் பின்னால் என் மாமனார் ஆனார். இந்தத் திரையும் அவரைப் போலத்தான். 'ஆப்ட் ரிமூவ்' என்று எழுதி ஆட்டத்தின் பெயரைப் போட்டால், 'இதை எடுக்கப் போகிறேன், சரிதானா?' என்று திருப்பிக் கேட்கிறது. 'ஒய்' என்று தட்டினால்தான் எடுக்கிறது. தப்பாக எழுதினால் நகர மறுக்கிறது. ரொம்ப வருஷம் கழித்து என் மணிக்கு எங்கிருந்தோ பதில் மணி வந்ததுபோல் இருந்தது. கண் கலங்கிவிட்டது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன்.

ஒரே ஒரு பழக்கம் மட்டும் என்னை விடவில்லை. கேஜில் நிற்பவர்களுக்குக் கேட்கட்டும் என்று, உரக்கச் சொல்லிக்கொண்டேதான் மணி அடிப்பேன். சொல்லாமல் அடிக்கக் கை வராது. அதிலும் ஒவ்வொரு தடவையும் அது கேட்கிற பாஸ்வேர்டைத் தட்டும்போது திரை ஒரு புள்ளிகூடக் காட்டுவதில்லை. கண்ணுக்குத் தெரியாததை வாயால் சொல்லாமல் எப்படித் தட்டுவது?

"ஏ, பி, டி... ரிமூவ்... பாஸ்வேர்டு... என், யு, என், டி, ஒய்..."

ஆட்டம் போயிற்று.

பார்வதம்மா லேப்டாப்பைத் திறந்தாள், மூடினாள். போய் டீ போட்டாள். வாசற்படியில் உட்கார்ந்து பக்கத்துக் கோரமண்டல் லைனில் நடந்த ஒரு நிச்சயதார்த்தத்தைப் பற்றிப் பேசினோம். அன்றைய டீயில் சர்க்கரை தூக்கல். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மறுநாள் ஆட்டம் திரும்பி வந்திருந்தது.

எடுத்தேன். வந்தது. மறுபடி எடுத்தேன். மறுபடி வந்தது.

"இது எப்படி வந்துச்சு பார்வதி?"

"எனக்கு இன்னா தெரியும்? போன எடம் புடிக்கலியோ இன்னாவோ."

சரி, பூட்டையே மாற்றிவிடுவோம் என்று பாஸ்வேர்டை மாற்றினேன். புதியதை இரண்டு தடவை தட்டச் சொன்னது. இரண்டு தடவையும் தெளிவாகச் சொல்லித் தட்டினேன். "சி, ஓ, ஆர், ஓ, எம்..." அடுக்களையில் தாளிக்கிற சத்தம் கொஞ்ச நேரம் நின்றது. என்மேல் இரக்கப்பட்டு நின்றது என்று நினைத்தேன்.

மறுநாளும் ஆட்டம் அங்கேயே இருந்தது. ரிமூவ் போட்டேன். பாஸ்வேர்டு கேட்டது. சொன்னேன், தட்டினேன். தவறு என்றது. இன்னும் உரக்கச் சொன்னேன். தவறு. மூன்றாவது தடவை கத்தியே சொன்னேன்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஏனோக்கின் குரல் வந்தது. லைன் வீடு அல்லவா, அவன் வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர்.

"அண்ணே, நீங்க சரியாத்தான் சொல்றீங்க. அண்ணிதான் காலையில அத மாத்திட்டாங்க."

"உனக்கு எப்பிடிடா தெரியும்?"

"எங்க வீட்டுல சொன்னாங்க. பழைய ரெண்டும் இந்த லைனுக்கே தெரியும்ணே."

"புதுசு இன்னா?"

"அத மட்டும் அண்ணி யாருக்கும் சொல்லலியே!"

திரும்பினேன். பார்வதம்மா கையைத் துடைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"மணி அடிச்சாப் போதுமாங்க? எஞ்சின் எங்கப்பா கையிலல்ல இருந்துச்சு."

நான் லேப்டாப்பிலிருந்து கையை எடுத்தேன்.

"சாயங்காலம் உன்கூட உக்காந்து பேசத்தான் டீயே கேட்டேன், பார்வதி" என்று மெதுவாகச் சொன்னேன்.

அவள் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? எல்லாத்தையும் கத்திச் சொல்றீங்க, இத மட்டும் முழுங்கிட்டீங்க. போங்க, ரெண்டு டீ போட்டு எடுத்தாங்க. இந்த ஆட்டத்த எடுத்துட்டு ரெண்டு பேர் ஆடுற சீட்டு ஒண்ணு போடறேன்."

போட்டேன். கொண்டுவந்து வைத்தேன். நாலு மணி டீ மீண்டது, பேச்சும் மீண்டது. அன்றிலிருந்து டீ போடுவது என் ஷிப்ட்.

அன்றே அவள் கறுப்புத் திரையைத் திறந்தாள். கட்டளையைத் தட்டினாள். அது பாஸ்வேர்டு கேட்டது. நான் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கம் காதைச் சாய்த்தேன். சுவருக்கு அப்பால் ஏனோக்கும் மூச்சுவிடாமல் நிற்பது எனக்குத் தெரிந்தது.

அவள் உதடுகூட அசையவில்லை.