ஐந்து பாட்டில்களும் டோக்கன் அண்ணனும்

நகரி விசைத்தறித் தெருவில் தனக்கென்று எந்த வேலையும் வைத்துக்கொள்ளாத ஒரே மனிதர் டோக்கன் அண்ணன். ரேஷன், ஆதார், பல் டாக்டர் எதுவானாலும் அடுத்தவருக்காக வரிசையில் நிற்பார். திருமலை அடிவாரத்து அலிபிரியில் முன்பின் தெரியாத ஒருவருக்காகச் செருப்பு வைக்கும் வரிசையில் நின்றாராம். அந்த ஆள் தரிசனம் முடித்து வந்தபோதும் நின்றுகொண்டிருந்தாராம்.

என் டைரிப்படி அது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை. ஊர்க்கோடியில் மருத்துவ முகாம். தறிக்காரர் நால்வரும் நானும் சிறுநீர் பாட்டில்களை அண்ணனிடம் கொடுத்தனுப்பினோம். அவர் தனக்குப் பெயர் கொடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. ஐந்து பேருக்கும் சிறுநீரில் புரதம்; நுரைத்துப் போவது அதன் அடையாளமாம். சிறுநீரகத்தைத் திருப்பதியில் காட்டச் சொன்னார்கள். ஒருவர் நாராயணவனம் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டார். இன்னொருவர் மனைவியிடம் பீரோ சாவியை ஒப்படைத்தார். குடிநீரில் கலக்கும் சாயத் தண்ணீரைத் திட்டாதவர் இல்லை. நான் ஐந்து சீட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வரிக்கு வரி ஒரே எண். இருபத்தாறு வயதுக்காரனுக்கும் ஐம்பத்தெட்டு வயது எனக்கும் அதெப்படி?

அண்ணனைக் கேட்டேன்.

"வண்டில போவச்சொல்ல மூடி கயண்டுக்கினு அல்லாம் கொட்டிப்போச்சி தம்பி. ஓடுற தறிய ரெண்டாவது வாட்டி நிறுத்தச் சொல்ல மனசு வர்ல. எனக்கு நல்லா வந்துக்கினு இருந்துச்சி, அஞ்சையும் ரொப்பிட்டேன்."

"நுரை வந்துச்சா அண்ணே?"

"அது ஆறு மாசமா வருது. அதான் பாட்டிலு சீக்கிரம் ரொம்பிச்சி."

வலியே இல்லாதவனுக்கு எதற்கு ஆஸ்பத்திரி என்று முரண்டு பிடித்தவரைத் திருப்பதிக்கு இழுத்துப்போனோம். அங்கே மறுபரிசோதனையில் எங்கள் ஐவருக்கும் ஒன்றுமில்லை. அவருக்கு ரத்த அழுத்தம் எகிறியிருந்தது. கிரியாட்டினின் கொஞ்சம் கூடியிருந்தது. கெட்ட பாகம் திரும்பாது, மிச்சத்தை மாத்திரையாலும் உப்பைக் குறைத்தும் காப்பாற்றலாம் என்றார் டாக்டரம்மா.

"நொப்பி வரட்டும், வலிக்கட்டும்னு இருந்திருந்தா டயாலிசிஸ்லதான் உங்களைப் பார்த்திருப்பேன். இப்பவே வந்தது மஞ்சிதி."

அண்ணன் கேட்டது ஒன்றே ஒன்று: "இவங்க அஞ்சு பேருக்கும் நெஜமாவே ஒண்ணும் இல்லியே?"

மூன்று மாதத்துக்கொருமுறை அண்ணனுக்கு ரத்தம் பார்க்கிறோம். தேதிவாரியாகக் குறித்துவைத்திருக்கிறேன், கிரியாட்டினின் எண் இன்னும் ஏறவில்லை. அவர் சாப்பிட வரும் நாட்களில் எங்கள் வீட்டுக் குழம்பில் உப்பு பாதிதான். பந்தியில் ஒருவரும் கூடுதலாக உப்பு கேட்பதில்லை.