கேமராவைத் தொடாத லென்ஸ்தா

கொல்கத்தாவில் கேமரா லென்ஸைப் பற்றி முழுக்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் ஆயுளில் ஒரு போட்டோகூட எடுத்ததில்லை.

லேக் மார்க்கெட் பக்கம் எங்களுக்கு மேல் மாடியில் குடியிருந்த கோயம்புத்தூர்க்காரர் அவர். மத்திய அரசு உத்தியோகத்தில் மாற்றலாகி வந்தவர். வங்காளிகள் அண்ணன் முறைக்குப் பெயரோடு 'தா' சேர்ப்பார்கள். அப்படி லென்ஸ்தா ஆனவரின் சொந்தப் பெயர் தபால்காரருக்கே மறந்துவிட்டது.

பெங்களூரில் இருந்த அவர் மகள் புதுக் கேமரா வாங்கியதும் பழைய ஃபுல் ஃபிரேம் கேமராவை அம்மாவுக்கு அனுப்பினாள், லென்ஸ் இல்லாமல். அம்மா என்றால் லென்ஸ்தாவின் மனைவி சரோஜா அக்கா. கஞ்சன்ஜங்காவைக் கண்ணாரப் பார்த்துத் தன் கையால் படம் எடுக்க வேண்டும் என்பது அக்காவின் நெடுநாள் ஆசை. லென்ஸ் தேடும் பொறுப்பை லென்ஸ்தா ஏற்றுக்கொண்டார். அன்றைக்கே அக்காவின் மலை இரண்டு வருடம் தள்ளிப் போயிற்று.

"ஒரே லென்ஸுதானுங்க வாங்கோணும்," என்பார் என்னைப் படிக்கட்டில் மடக்கி. "கோபுரமும் முழுசா விழோணும், மலை உச்சியும் கிட்ட வரோணும். கழுத்தும் தாங்கோணும், பர்ஸும் தாங்கோணும்."

"அப்படி ஒண்ணு இருக்காண்ணா?"

"இருந்தா இந்நேரம் வாங்கியிருக்க மாட்டனுங்களா?"

கழுத்து தாங்குமா என்று பார்க்க ஒரு வழி வைத்திருந்தார். லென்ஸும் கேமராவும் சேர்ந்து என்ன எடையோ அந்த எடைக்குத் துவரம்பருப்பு வாங்கி, மஞ்சள் பையில் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு கரியாஹாட் வரை நடந்துவிட்டு வருவார். மளிகைக் கடை வங்காளி தராசை எடுக்கும்போதே, "ஆஜ் கோன் லென்ஸ், தாதா?" என்று கேட்கப் பழகிவிட்டார். இன்றைக்கு எந்த லென்ஸ் என்று அர்த்தம். அந்த வருடம் அவர்கள் வீட்டில் தினமும் சாம்பார். மிஞ்சிய பருப்பில் எங்கள் வீட்டிலும் சாம்பார்.

எந்த லென்ஸில் எவ்வளவு காட்சி விழும் என்பதற்கு வேறு ஏற்பாடு. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒரு சின்ன ஓட்டை, அட்டை ஓரத்தில் ஒரு நூல், நூலில் ஒவ்வொரு லென்ஸின் மில்லிமீட்டர் கணக்குக்கும் ஒரு முடிச்சு. முடிச்சைக் கன்னத்தில் வைத்து ஓட்டை வழியாக ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். அட்டை கண்ணுக்குக் கிட்டே இருந்தால் காட்சி அகலும், தள்ளிப் போனால் குறுகும்.

அந்த அட்டையோடு துர்கா பூஜைப் பந்தல் ஒன்றுக்கு என்னையும் இழுத்துப் போனார். கூட்டத்தின் நட்டநடுவில் நின்று அட்டையை நீட்டுவதும் இழுப்பதுமாக இருந்தார். பந்தல்களுக்குப் பரிசு கொடுக்கும் நடுவர்கள் சுற்றுகிற நேரம் அது. பூஜைக் கமிட்டி செயலாளர் ஓடிவந்தார். ஒரு கேள்வி கேட்கவில்லை. நாற்காலி வந்தது, மின்விசிறி வந்தது, தட்டு நிறைய சந்தேஷ் இனிப்பு வந்தது. லென்ஸ்தா அம்மனை மேலும் கீழும் அளந்துவிட்டு என்னிடம், "ட்வென்டி எய்ட் பத்தாதுங்க, ட்வென்டி ஃபோர்தான்," என்றார்.

செயலாளர் முகம் வாடியது. "அவுட் ஆஃப் தர்ட்டி?" என்று தயங்கிக் கேட்டார்.

"நோ, நோ. ட்வென்டி ஃபோர் டு ஒன் நாட் ஃபைவ்."

நூற்றைந்துக்கு இருபத்து நாலு என்று கணக்குப் போட்ட மனிதர், நடுவருக்குப் போட்ட நாற்காலியில் தானே உட்கார்ந்துவிட்டார். நான் லென்ஸ்தாவைப் பந்தலின் பின்பக்கமாக அழைத்து வந்தேன். சந்தேஷைக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

இதற்குள் அவர் ஓய்வு பெற சில மாதங்களே பாக்கி. அதோடு அரசாங்கச் செலவில் ஊர் சுற்றும் சலுகையும் முடியும். அப்புறம் கோயம்புத்தூர். அங்கிருந்து மறுபடி இமயமலைக்கு எங்கே வருவது? அக்காவுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. லென்ஸ்தாவோ அடுத்த மாதம் விலை குறையும் என்றார்.

அக்கா சண்டை போடவில்லை. தானே இரண்டு டிக்கெட் எடுத்தார். "ஏனுங்க, வெள்ளிக்கிழமை ரயிலு. லென்ஸு வந்தா வரட்டும். நீங்களும் வந்தா வாங்க."

மறுநாள் தர்மதலாவில் பழைய கேமராக்கள் விற்கும் கடைக்கு அக்கா நடந்தார், நாங்கள் இருவரும் பின்னால் ஓடினோம். இருபத்து நாலு டு நூற்றைந்து ஒன்றை வாங்கி மாட்டி, கொட்டாவி விட்ட கடைக்காரரை ஒரு படம் எடுத்துப் பார்த்தார். இதையே கட்டச் சொன்னார்.

"இது எஃப் ஃபோர், சரோஜா. இருட்டுல எடுக்கிறது கஷ்டம்."

"இருட்டுல நாம தூங்குவமுங்க."

இரண்டு வருட ஆராய்ச்சி அத்தோடு முடிந்தது. நானும் இதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தேன் என்று வீடு வரும்வரை லென்ஸ்தா முணுமுணுத்தார்.

மலை எதிரே தெரியும் சிக்கிம் ஊரான பெல்லிங்கில், போன நாள் முதல் ஒரே மேகம். அக்கா விடுதி ஜன்னலை விட்டு நகரவே இல்லையாம். கிளம்ப வேண்டிய நாள் காலையில்தான் மலை முழுசாக வெளியே வந்தது. அக்கா முதலில் அழுதார், அப்புறம்தான் கேமராவை எடுத்தார்.

திரும்பி வந்து காட்டிய படங்களில் எனக்குப் பிடித்தது ஒன்று. விடுதி மொட்டை மாடியில் குரங்குக் குல்லாயோடு லென்ஸ்தா மலைக்கு முதுகைக் காட்டி நின்று, யாரோ ஒரு பயணியின் லென்ஸில் குறை கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார். அந்த ஆள் தப்பிக்க வழி தேடுகிறார். பின்னால் கஞ்சன்ஜங்கா கலங்கலாகத் தெரிகிறது.

"எஃப் லெவன்ல வெச்சிருந்தா மலையும் ஷார்ப்பா வந்திருக்கும்," என்று லென்ஸ்தா குறைப்பட்டுக்கொண்டார்.

"மலைய வேற படத்துல பாத்துக்கோங்க," என்றார் அக்கா.

அவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். மேல் மாடிக்கு வந்திருக்கும் குடும்பம் நல்ல குடும்பம், படிக்கட்டில் யாரையும் மடக்குவதில்லை. எனக்குத்தான் படியேறப் பிடிக்கவில்லை. அந்தப் படத்தை அக்காவிடம் கேட்டு வாங்கி, பெரிதாக்கி ஹாலில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்களெல்லாம் மலை தெளிவாக இல்லையே என்கிறார்கள். மலையை எப்போது வேண்டுமானாலும் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். எனக்கு லென்ஸ்தாவைத்தான் பார்க்க வேண்டும் போல் இருக்கிறது.