சிங்கம் போட்ட சட்டம், பாம்பு கழற்றிய சட்டை

ஒரு காட்டில் சொந்த வளை என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று. எல்லா வளைகளையும் சுருளப்பன் என்ற மலைப்பாம்பு வளைத்துப் போட்டு, 'சுருளப்பன் ஹோம்ஸ்' என்று போர்டு மாட்டிவிட்டான்.

அதில் ஒரு வளையில் தவமணி என்ற முயல் குடியிருந்தாள். நிறைமாதக்காரி. மழை பெய்தால் வளைக்குள் தண்ணீர் நிற்கும். புகார் சொன்னால், "நீச்சல் குள வசதி" என்று சுருளப்பன் வாடகையை ஏற்றுவான்.

பொறுக்க முடியாமல், பக்கத்து வளை முள்ளம்பன்றி எசக்கியைக் கூட்டிக்கொண்டு சிங்க ராஜாவிடம் ஓடினாள்.

"ராஜா, நான் எங்க போய்ப் பிள்ளை பெறுவேன்?"

ராஜா கர்ஜித்தார். அன்றே சட்டம் வந்தது: இனி ஒருவருக்கு ஒரு வளைதான் சொந்தம்!

காடே குத்தாட்டம் போட்டது. எசக்கி ஆடிய ஆட்டத்தில் பலருக்கு முள் ஏறியது.

மறுநாள் சுருளப்பன் மரத்தில் உரசிச் சட்டை உரித்தான். மறுபடி உரித்தான். உரித்துக்கொண்டே இருந்தான். வளைக்கொரு சட்டையாக வாசலில் தொங்கவிட்டு, "இவர்தான் ஓனர். நான் வெறும் மேனேஜர்" என்றான்.

ராஜா நேரில் வந்தார். ஒரு சட்டைக்கு வணக்கம் வைத்தார். அது காற்றில் தலையாட்டியது.

"சட்டப்படி சரியாத்தானே இருக்கு!" என்று போய்விட்டார்.

தவமணிக்கு அழுகையும் முட்டியது, இடுப்பும் வலித்தது. எசக்கி சட்டையை முகர்ந்து பார்த்தான்.

"அக்கா, உள்ளே யாருமே இல்லையே!"

தவமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு சட்டைக்குள் புகுந்தாள். வயிற்றில் கொஞ்சம் பிடித்தது. தலையை மட்டும் நீட்டி, "மேனேஜர்! நாளையிலிருந்து நீ வேலைக்கு வர வேண்டாம்" என்றாள்.

"ஏய், அது என் சட்டை!" என்று சுருளப்பன் சீறினான்.

"உன்னோடதா? அப்போ எல்லா வளையும் உன்னோடதா? ராஜாவைக் கூப்பிடட்டுமா?"

சுருளப்பன் புதருக்குள் நழுவினான். பொழுது சாய்வதற்குள் குடியிருந்தவர்கள் எல்லோரும் சட்டைக்குள் இருந்தார்கள். எசக்கியின் சட்டை மட்டும் கந்தல்.

தவமணிக்குச் சுகப்பிரசவம். குட்டிகள் கண் திறந்த அன்று, நனைந்துபோன எலி ஒருவன் வாசலில் வந்து நின்றான்.

"அம்மா, ஒரு மூலை கிடைச்சாப் போதும்."

தவமணி சட்டையை நீவிவிட்டுக்கொண்டாள்.

"குடும்பமா, பேச்சிலரா?"

"பேச்சிலர்மா."

"பேச்சிலருக்கு நாங்க விடறதில்ல."

நீதி: காலிச் சட்டை தொங்கினால் யோசிக்காமல் புகுந்துவிடுங்கள், மனசாட்சியை வெளியே விட்டுவிட்டால் வயிற்றில் பிடிக்காது.